ஜெபீனா போட்ட சோதனை வரி

கள்ளக்குறிச்சியில் அத்தா ஷேக் மைதீனின் ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடியில் பிறந்து வளர்ந்த ஜெபீனாவுக்குப் பயம் இல்லாத பொருள் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. பல்லியைக் கண்டால் பயம், இடி இடித்தால் பயம், கேஸ் அடுப்பைப் பற்றவைக்கப் பயம். பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை டிக்கெட்டைக் கைக்குள் கசக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள், கண்டக்டர் திரும்பி வந்து கேட்டுவிடுவாரோ என்று. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளுக்குப் பட்டப்பகலில் தெரிவதும் பேய்தான். அக்கா ஷிரின் கேலி செய்வாள்: "நீ பொறக்கும்போது அழவே இல்லியாம்டி. அழுதா டாக்டர் திட்டுவாருன்னு பயந்துக்கினு இருந்திருப்ப."

ஆனால் அந்தப் பயம்தான் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது என்றால் நம்புவீர்களா? கம்ப்யூட்டர் படித்து முடித்ததும், சென்னையில் இருக்கும் ஒரு பெரிய தொலைக்காட்சி நிறுவனத்தின் இணையதளப் பிரிவில் ஒப்பந்த வேலை கிடைத்தது. நேர்முகத்தில் கலையரசன் என்ற அதிகாரி, "ஒரு வேலையை முடிச்சதும் எத்தனை தரம் சரிபார்ப்பீங்க?" என்று கேட்டார். "பயம் போற வரைக்கும் சார்" என்றாள். அவர் சிரித்து, வேலைக்கு எடுத்துக்கொண்டார். வீட்டிலிருந்தே வேலை. கடைக்கு மேலே, ஜன்னலோர மேசை, ஒரு மடிக்கணினி, கீழே அத்தா பைப் அறுக்கும் சத்தம். நான்கு வருடம் ஒரு புகார் கிடையாது.

சென்ற ஐப்பசியில் அவளிடம் ஒரு பெரிய வேலை வந்தது. இணையதளம் முழுவதற்கும் ஆர்.எஸ்.எஸ். ஃபீடு போட வேண்டும். அரசியலுக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று, சமையல் நிகழ்ச்சிக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்றாக முப்பத்தெட்டு. செய்தி ஏறியதும் அதன் தலைப்பும் இரண்டு வரியும் ஒரு பட்டியலில் தானாகச் சேரும். அந்தப் பட்டியலின் முகவரியைப் பதிந்து வைத்தவர்களுடைய போனிலோ திரையிலோ அது தானாகப் போய் நிற்கும். இணையதளத்தை யாரும் திறந்து பார்க்க வேண்டியதே இல்லை. அந்த மூன்றெழுத்தை வீட்டில் சொன்னால் அத்தா வேறு எதையோ நினைத்துக் கலங்கிவிடுவார் என்று, "ஃபீடு வேலை" என்று மட்டும் சொல்லி வைத்தாள். அத்தா மாட்டுத் தீவனம் என்று நினைத்துக்கொண்டார். அதுவும் நல்லதுதான் என்று விட்டுவிட்டாள்.

கள்ளக்குறிச்சி மாவட்டப் பட்டியலை முதலில் முடித்தாள். சொந்த ஊர்ப் பாசம், வேறென்ன. அதை இன்னும் வெளியே அறிவிக்கவில்லை. அறிவிக்கும்வரை முகவரியை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி.

வாழ்க்கையிலேயே ஒரு விதியை மீறாதவள், இதை மீறினாள். கச்சிராயபாளையத்தில் அக்கா ஷிரினைக் கட்டிக்கொடுத்திருந்தது. ஷிரினுக்கு ஒன்பதாம் மாதம். பார்க்கப் போயிருந்தபோது, பக்கத்துத் தெருவில் கேபிள் டி.வி. நடத்தும் இளவரசன் வந்தார். ஷிரினின் கணவருக்குக் கூட்டாளி.

"இன்னாம்மா ஜெபீனா, பெரிய டி.வி.ல வேல பாக்கறியாமே. அங்க இன்னாதான் செய்யற?" என்றார்.

யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதே இல்லை. சொன்னாள். சொல்லச் சொல்ல வாய் நிற்கவில்லை. கடைசியில் முகவரியையும் எழுதிக் கொடுத்தாள். "அறிவிக்க இன்னும் ரெண்டு வாரம் ஆவும்ணா. அது வரைக்கும் போட்டுடாதீங்க."

"சேச்சே, நான் ஏன் போடறேன்?" என்று சொன்ன இளவரசன் அன்று சாயங்காலமே போட்டுவிட்டார். நம் ஊர்ச் செய்தி என்று அவருடைய உள்ளூர்ச் சேனலின் அடியில் எழுத்து ஓட ஆரம்பித்தது. 'அவசரம்' என்று குறியிட்ட செய்தி வந்தால் திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் சத்தத்தோடு தெரிகிற மாதிரியும் செய்து வைத்தார். கெட்டிக்காரர்தான், யார் இல்லை என்றது? ஜெபீனாவிடம் சொல்ல மட்டும் மறந்துவிட்டார்.

கார்த்திகை பிறந்து மூன்று நாள் கல்வராயன் மலையில் விடாத மழை. கோமுகி ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. பிரசவத்துக்குக் கூட இருக்க அம்மா கமர் ஜஹான் கச்சிராயபாளையம் போயிருந்தாள். ஷிரின் வீடு கோமுகி அணைக்குக் கீழே, ஆற்றங்கரைத் தெரு.

அன்று மதியம் இரண்டு இருபதுக்கு ஜெபீனா மாவட்டப் பட்டியலில் ஒரு சோதனை செய்தாள். 'அவசரம்' என்ற குறி வேலை செய்கிறதா, நீளமான தமிழ்த் தலைப்பு நடுவில் வெட்டுப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். சோதனைக்கு 'சோதனை ஒன்று' என்று மட்டும்தான் எழுத வேண்டும் என்று கலையரசன் சொல்லியிருந்தார். இரண்டு சொல் எங்கே வெட்டுப்படப் போகிறது? நீளமாக ஏதாவது வேண்டும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போவார்களே, காதில் ஊறிப்போன வரி, விரல் தானாக அடித்தது: 'கோமுகி அணை நிரம்பி வழிகிறது. கச்சிராயபாளையம் கரையோர மக்கள் உடனே மேடான இடத்துக்குச் செல்லவும்.'

வெட்டுப்படவில்லை. குறியும் சரியாக விழுந்தது. நான்காவது நிமிடம் அழித்துவிட்டாள். தேநீர் போட்டுக் குடித்துவிட்டு, அடுத்த மாவட்டத்தை எடுத்தாள்.

இரண்டே முக்கால் இருக்கும். கீழே கடையில் பைப் வாங்க வந்த ஒருவர் பெரிய குரலில் பேசுவது கேட்டது. "பாய், விஷயம் தெரியுமா? கோமுகி ஒடஞ்சிப்போச்சாம். என் மச்சான் போன் பண்ணான். டி.வி.ல செவப்பா போட்டு, சங்கு ஊதி, ஓடுங்க ஓடுங்கன்னு போட்டானாம். கச்சிராயபாளையமே காலியாவுது."

வழிகிறது என்று ஜெபீனா எழுதினாள், உடைந்தது என்று ஊர் சொல்கிறது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

பட்டியலைப் பார்த்தாள். அவளுடைய வரி அங்கே இல்லை. ஆனால் முகவரி தெரிந்த ஒரே ஆள் இளவரசன், அவருடைய கணினிதான் அதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. அவசரக் குறியோடு புதிதாக ஒன்று வரும்வரை அங்கே இதுதான் ஓடும். இளவரசனுக்கு அடித்தாள். லைன் பிஸி. ஷிரினுக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அம்மாவுக்கு அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது.

நிறைமாதக்காரி ஆற்றங்கரைத் தெருவிலிருந்து மழையில் ஓடுகிறாள். துரத்துவது தண்ணீர் இல்லை, தங்கை எழுதிய ஒரு வரி. ஜெபீனாவுக்கு அது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும், மறைத்து என்ன ஆகப்போகிறது? பன்னிரண்டு நிமிடம் அவள் ஒன்றுமே செய்யவில்லை. சொன்னால் வேலை போகும். முகவரியைக் கொடுத்தது தெரிந்தால் போலீஸ்கூட வரும். அத்தா தலைகுனிந்து கடையில் உட்கார வேண்டும். யாருக்கும் தெரியாமல் இது தானாக அடங்கிவிடாதா என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாவி மகள். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை அவள் பிறகு ஒருநாளும் தனக்கு மன்னிக்கவில்லை.

பிறகு கலையரசனுக்குப் போன் போட்டாள்.

"லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டீங்கல்ல? அப்புறம் என்ன?" என்றார் அவர்.

"வெளிய போயிடுச்சு சார். ஜனங்க ஓடறாங்க."

"எப்படிப் போகும்? அட்ரஸ்தான் யாருக்கும் தெரியாதே. ஜெபீனா? தெரியாதுதானே?"

"ஒருத்தருக்குத் தெரியும் சார். நான்தான் குடுத்தேன்."

கலையரசன் குரலைத் தாழ்த்தினார். "நீங்களா எதையும் போடாதீங்க. மறுப்பு போட்டா நாமளே தப்பு பண்ணதா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். மேல பேசிட்டுக் கூப்பிடறேன். கையை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க."

சும்மா இருக்க முடியவில்லை. மேலே பேசி, அவர் இன்னும் மேலே பேசி, எப்போது வருவது? அவளே எழுதினாள்: 'கோமுகி அணை பற்றிய முந்தைய அறிவிப்பு தவறு. யாரும் வெளியேற வேண்டாம்.' அவசரக் குறி போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு ஏற்றினாள். யாரிடமும் கேட்காமல் அவள் செய்த முதல் காரியம் அது.

அப்போதுதான் இளவரசன் லைனில் கிடைத்தார். "ஏம்மா, அணை நெலவரம் இன்னா? எல்லாம் ஓடறானுங்க!"

"அண்ணா, அது பொய்ணா! மறுப்பு போட்டுட்டேன், திரையில வருதா பாருங்க!"

"எங்க பாக்கறது? கரண்டு போயி பத்து நிமிஷம் ஆவுது. மழ மூடி ஊரே இருட்டு. நானே பசங்கள ஏத்திக்கினு மேட்டுக்குப் போய்க்கினு இருக்கறேன்."

பொய் போனபோது ஊரில் எல்லா டி.வி.யும் ஓடிக்கொண்டிருந்தது. மெய் போனபோது ஒன்றுகூட ஓடவில்லை. இனி நேரில் போய்ச் சொன்னால்தான் உண்டு.

கீழே இறங்கினாள். ஷேக் மைதீன் அதற்குள் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எக்ஸெல் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறிக் கிடந்தது.

"ஷிரினும் ஒங்க அம்மாவும் போன் எடுக்கலடி. ஏறு" என்றார். அவரிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வழியெல்லாம் அவர் ஓதிக்கொண்டே ஓட்டினார். மழைத்தண்ணீர் அவர் தாடியில் வழிந்து காற்றில் பறந்து இவள் முகத்தில் அடித்தது.

கச்சிராயபாளையம் சாலையில் எதிரே ஜனம் வந்துகொண்டிருந்தது. நனைந்த ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டவர். மிக்ஸியை மார்போடு அணைத்தபடி ஒரு பெண். இரண்டு பிள்ளைகளை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் வைத்துச் சைக்கிள் தள்ளியவர். ஒவ்வொருவரும் தன்னை ஒரு அறை அறைந்துவிட்டுப் போவதுபோல் இருந்தது ஜெபீனாவுக்கு. கரும்பு ஏற்றும் டிராக்டர் ஒன்று டிரெய்லர் நிறைய ஆட்களோடு வந்து, எதிரே வந்த லாரிக்காகச் சாலையோரம் சாய்ந்து நின்றது. டிரெய்லரில் 'சுப்புராயன்' என்று எழுதியிருந்தது. ஓட்டியவர் பெரியவர், தலையில் உரச் சாக்கைக் கவிழ்த்திருந்தார்.

ஜெபீனா வண்டியிலிருந்து குதித்து ஓடினாள். "அய்யா, அணை ஒடயலய்யா. அது தப்பான நியூசு. திரும்பிப் போங்க!"

சுப்புராயன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "டி.வி.ல போட்டான்ம்மா. நானே கண்ணால பாத்தேன். நீ யாரு தப்புன்னு சொல்றதுக்கு?"

நான்தான் எழுதினேன் என்று ஒரு வார்த்தை போதும். டிரெய்லரிலிருந்து முப்பது முகம் அவளையே பார்த்தது. பின்னால் அத்தா நிற்கிறார். "சொன்னாங்க..." என்றாள்.

"யாரு சொன்னாங்க?"

அவள் அத்தா பக்கம் திரும்பினாள். "மழையில நின்னு வெளாடாத, போம்மா" என்று சுப்புராயன் கியரைப் போட்டார். சக்கரம் சேற்றில் வழுக்கி, டிரெய்லர் ஒருபக்கம் ஆடி, உள்ளே பெண்கள் கத்தினார்கள். பிறகு நிமிர்ந்து போய்விட்டது. அது வளைவில் மறையும்வரை ஜெபீனா பார்த்துக்கொண்டே நின்றாள். கவிழ்ந்தால் முப்பது உயிர். அத்தா, "ஏறுடி, நேரமாவுது" என்று கத்தினார்.

ஊரில் மேடான இடம் பள்ளிக்கூடம்தான். வாசலில் செருப்பும் மூட்டையும் ஆடும் கலந்து கிடந்தன. வராந்தாவில் கூட்டம். நடுவில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அதில் ஷிரின் படுத்திருந்தாள். கண்ணை இறுக மூடி வயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நைட்டியின் ஒரு பக்கம் முழுக்கச் சேறு. ஊர்ச் செவிலியர் ராதிகா குனிந்து ஒரு சின்னக் கருவியை வயிற்றில் வைத்து, நகர்த்தி, மறுபடி வைத்துக்கொண்டிருந்தார்.

கமர் ஜஹான் மகளைப் பார்த்ததும் ஓடி வந்து தோளைப் பிடித்து உலுக்கினாள். "பாத்தியாடி ஒங்க அக்காவ! படியேறும்போது வழுக்கி வுழுந்துட்டாடி. கொழந்த அசையலங்கறா. கரண்டு இல்ல, ஆம்புலன்ஸ் வரல. எவனோ ஒக்காந்த எடத்துல ஒக்காந்துக்கினு எழுதிப்புட்டான், இங்க எம் பொண்ணு கெடக்குது. ஊரு எல்லைல நின்னு பாத்துட்டு வந்தான் ஒரு புள்ள, தண்ணியே வரலயாம். அத எழுதின கை வெளங்காமப் போவ! அழுகி வுழ! அல்லா கேக்கட்டும் அவன!"

சுற்றி நின்றவர்கள், "ஆமா, நாசமாப் போறவன்" என்றார்கள்.

ஜெபீனா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பயத்தில் அதற்கு மேல் போக இடம் இல்லை என்று ஒரு நிலை உண்டு போலிருக்கிறது. "அம்மா, அத எழுதினது நான்தாம்மா" என்றாள்.

"இன்னா?"

"நான்தான் எழுதினேன். சோதனைக்குப் போட்டேன். வெளிய போயிடுச்சி." பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, வாழ்நாளில் தெருவில் குரல் உயர்த்தாதவள், அடிவயிற்றிலிருந்து கத்தினாள்: "அணை நல்லா இருக்குது! அந்த நியூச போட்டது நான்! என் பேரு ஜெபீனா, கள்ளக்குறிச்சி ஹார்டுவேர் கடை ஷேக் மைதீன் பொண்ணு! சுப்புராயன்னு ஒருத்தரு டிராக்டர்ல ஆளுங்கள ஏத்திக்கினு போறாரு, யாராவது போன் பண்ணி நிறுத்துங்க! என்னைய அப்பறமா அடிங்க!"

யாரும் அடிக்கவில்லை. ஒருவர் உடனே போனை எடுத்தார். ஒரு பெண், "படிச்ச பொண்ணு செய்யற வேலயாடி இது?" என்று கேட்டுவிட்டு அழுதாள். ஷேக் மைதீன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தூணோடு சாய்ந்தார். அவர் மகளைப் பார்க்கவில்லை.

கமர் ஜஹான் மகளை அறையத்தான் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. கண் ஜெபீனாவின் வலது கைக்குப் போனது. அம்மாவின் முகத்தில் அப்போது வந்த கலவரம், ஷிரின் வழுக்கி விழுந்தபோதுகூட வந்திருக்காது. "தவ்பா, தவ்பா... மன்னிச்சுடு யா அல்லா, நான் இன்னா சொல்லிட்டேன்!" என்று அந்தக் கையைப் பறித்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

"துடிப்பு கேக்குது" என்றார் ராதிகா. "நல்லாத்தான் கேக்குது. ஆனா வலி ஆரம்பிச்சுடுச்சி. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

ஆம்புலன்ஸ் வந்து ஷிரினை ஏற்றியபோது, கூட ஒருவர்தான் வரலாம் என்றார்கள். கமர் ஜஹான் ஏறினாள். பிடித்த கையை விடவில்லை, ஜெபீனாவும் இழுபட்டு உள்ளே வந்து விழுந்தாள். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸ்காரர் ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்தினார்.

வண்டி குலுங்கிக்கொண்டு ஓடியது. ஷிரின் பல்லைக் கடித்தபடி கண்ணைத் திறந்து தங்கையைப் பார்த்தாள். "ஒன்னாலதானாடி?" என்றாள். ஜெபீனா தலையை ஆட்டினாள். ஷிரின் திட்டவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மடியில் போன் அடித்தது. கலையரசன். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

கமர் ஜஹான் ஓதிக்கொண்டிருந்தாள். ஓதி, குனிந்து ஷிரினின் வயிற்றில் ஊதினாள். மறுபடி ஓதி, ஜெபீனாவின் கையைத் தூக்கி, கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலிலும் ஊதினாள். மறுபடி வயிறு. மறுபடி கை. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"எனக்கு வேணாம்மா. அக்காவுக்கு ஓதும்மா" என்று ஜெபீனா கையை இழுக்கப் பார்த்தாள்.

"அவளுக்கும் ஓதறேன், ஒனக்கும் ஓதறேன், சும்மா இருடி." அம்மாவின் குரல் உடைந்தது. "பெத்த வாயாலயே சொல்லிட்டேனே. வெளிய போனத எப்படிடி திரும்ப உள்ள இழுக்கறது? நீ படிச்சவதான, சொல்லேன்."

கமர் ஜஹான் ஜெபீனாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஓத ஆரம்பித்தாள்.